ஹெட்லைட் மாட்டாத எட்டு மாதம்

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அண்ணனின் பாதங்கள் இரண்டும், அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தம்பி பூட்டி முடித்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வீட்டின் முன்னறையில் வந்து நின்றன. கணுக்காலோடு சரி, அதற்கு மேலே ஒன்றுமில்லை. இடதுகால் சுண்டுவிரலில் நகம் கிடையாது. வலதுகாலில் செருப்பு வார் அழுத்திய தடம். தரையில் கிரீஸ் சிந்தியிருந்ததால் இரண்டு எட்டு தள்ளிப்போய், சுத்தமான இடமாகப் பார்த்து நின்றுகொண்டன. அண்ணனுக்கு அழுக்கு ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். தம்பியின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவன் கால்மேலேயே விழுந்தது. அந்த வலி அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

தம்பிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நீரேற்று நிலையத்தில் ஃபிட்டர். ஊரில் அவனை 'ரெண்டுதடவை' என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பான், கேஸை ரெண்டு தடவை மூடுவான். ரோட்டைக் கடந்த பிறகு திரும்பி வந்து, ஒழுங்காகக் கடந்தோமா என்று இன்னொரு தடவை கடந்தான் என்றுகூடச் சொல்வார்கள். அது கொஞ்சம் ஓவர். ஆனால் அவன் முறுக்கிய நட்டு ஒன்றுகூட இதுவரை கழன்றதில்லை என்பது உண்மை. ஏன் இப்படி ஆனான் என்று யாரும் அவனைக் கேட்டதில்லை.

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். பத்தொன்பது வயதில், இந்த வண்டியின் பின்பிரேக்கைப் பிரித்துத் துடைத்துப் பூட்டியது அவன்தான். அந்தப் பிரேக்கை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு நட்டு இருக்கிறது. அது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே தீக்குச்சி நீளத்தில் ஒரு பின்னைச் செருகி முனையை மடக்கிவிட வேண்டும். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிய அண்ணன், சந்தை முக்கில் பின்சக்கரம் இறுகிப்போய்த் தூக்கியெறியப்பட்டார். உடம்பைக் கொண்டுவந்து கிடத்தியபோது, தம்பி அழுதுகொண்டே கைக்குட்டைக்காகச் சட்டைப் பையில் கையை விட்டான். செருகியிருக்க வேண்டிய அந்தப் பின் அங்கே இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து அழுதான். அன்றைக்குப் பிடித்த பயம் அவனை விடவேயில்லை. கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டான், தூக்கத்தில் உளறிவிட்டால் என்ன செய்வது? காய்ச்சல் வந்தால் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பான். டாக்டர் அதைக் குளிருக்கென்று நினைத்துக்கொண்டார்.

அண்ணி அதே வீட்டில்தான் இருந்தாள். இருபத்துநாலு வயதில் தனியானவள். பக்கவாட்டு அறையில் தையல் மெஷின் போட்டு, பாதித் தெருவுக்கு ரவிக்கையும் பள்ளிக்கூடச் சட்டையும் தைத்தாள். கொழுந்தனுக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள். ஊர் ரெண்டு மாதம் பேசியது, அப்புறம் ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது. வண்டி கொல்லையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒருநாள் அவள்தான், இடத்தை அடைக்கிறது என்று பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டாள். அவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இதுல ஏதோ குறையுதே சார்" என்றார். தம்பி பாய்ந்து குறுக்கே வந்தான். "ஒண்ணும் குறையல. விக்கிற யோசனையே இல்ல, கெளம்புங்க" என்று அவரை வாசல்வரை தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு, அண்ணியிடம் வந்து, "அண்ணி, இதை நானே கழட்டி, அடியிலிருந்து புதுசா பண்ணப்போறேன்" என்றான். ஒரு குறையும் தெரியாமல் பூட்டிவிட்டால் நிம்மதியாகிவிடும் என்பது அவன் கணக்கு.

லீவு நாளெல்லாம் அதிலேயே போனது. வண்டியை முன்னறைக்கு உருட்டிவந்து, ஒரு நட்டு விடாமல் கழற்றி, பால்பவுடர் டப்பாக்களில் போட்டுச் சீட்டு ஒட்டினான். சட்டத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கைரேகையே அழிந்துபோனது. தயாரித்த கம்பெனியே இப்போது இல்லாததால், கிடைக்காத சாமானைப் பட்டறையில் கடைந்து வாங்கினான். பெயிண்ட் காய்ந்ததும் பின்சக்கரத்தை ஏற்றி, அந்த நட்டை முறுக்கி, புதுப் பின்னைச் செருகி மடக்கினான். அப்போதுதான் பாதங்கள் வந்தன.

சத்தம் கேட்டு அண்ணி கழுத்தில் அளவு டேப்போடு எழுந்து வந்தாள். பார்த்ததும் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது அவரு காலு" என்றாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அலம்பி, முந்தானையால் விரலிடுக்குகளைத் துடைத்துவிட்டாள்.

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு. இத்தோட நிறுத்திடலாம்."

"கணுக்கால் வரைக்கும் கொண்டுவந்துட்டு நிறுத்துவியா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்காடா உனக்கு?"

அவன் ஸ்பேனரைப் பொறுக்கி எடுத்தான். முன்சக்கரம் ஏறியதும் கெண்டைக்கால் வந்தது. சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தியதும் தொடைவரை வந்தது. நல்லவேளை, கால்சட்டையோடுதான் வந்தது, அன்றைக்குப் போட்டிருந்த அதே பழுப்புக் கால்சட்டை. இன்ஜினை ஏற்றியபோது இடுப்பும் வயிறும். டாங்கை வைத்தபோது நெஞ்சு. அந்த நெஞ்சு ஒரு வாரம் சும்மா இருந்தது. கார்ப்பரேட்டரைப் பிரித்து ஊதிச் சுத்தம்செய்து மாட்டிய அன்றைக்கு, பதினோரு மணி வாக்கில், ஏறி இறங்கத் தொடங்கியது. தம்பிக்குத்தான் அன்றைக்கு முழுக்க மூச்சு முட்டியது. ஏனென்றால் கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. ஹெட்லைட்டோடு தலை வரும், தலையோடு வாய் வரும், வாய் அண்ணியிடம் சொல்லும். இருபத்தேழு வருஷமாகத் தன் கையால் சோறு போட்டவளிடம், உன் தாலியை அறுத்தவன் இவன்தான் என்று சொல்லும். அதற்கப்புறம் இந்த வீட்டில் அவனுக்கு எந்த மூலை?

ஹேண்டில்பாரை மாட்டியபோது கைகள் வந்தன. தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது: கை எழுதுமே! அன்று மத்தியானமே வீட்டிலிருந்த பேனா, பென்சில், காலண்டரோடு தொங்கிய ரீஃபில்வரை எல்லாவற்றையும் பொறுக்கி நீரேற்று நிலையத்து லாக்கரில் போட்டுப் பூட்டினான். அண்ணியின் தையல் சாக்பீஸை மறந்துபோனான். நாலாம் நாள் அவன் உள்ளே நுழையும்போது, அண்ணன் கட்டிங் மேஜைமுன் நின்று, விரித்திருந்த நீலத் துணியில் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். அண்ணி பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். இவன் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். துணியில் இருந்தது அண்ணியின் பெயர் மட்டும்தான், நாலு தடவை, கோணல்மாணலாக. கண் இல்லாததால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தது. அவள் அந்தத் துணியைத் தைக்கவில்லை. கஸ்டமரிடம் எலி கடித்துவிட்டது என்றாள்.

ஹெட்லைட் மட்டும் கிடைக்கவில்லை என்று தம்பி சொன்னான். "அந்த சைஸ் வட்டம் இப்ப எங்கயும் வரதில்ல அண்ணி." உண்மையில் தேட ஆரம்பித்த மூன்றாவது வாரமே, பழைய சாமான் சந்தையில் அச்சு அசல் அதே விளக்கு, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அதைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஒளித்துவைத்தான். இப்படியே எட்டு மாதம் போனது.

அந்த எட்டு மாதத்தில் தலையில்லாத அண்ணனை ஊர் பழகிக்கொண்டது. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். தபால்காரர் கையெழுத்து வேண்டுமென்றால் விரலைப் பிடித்துக் கட்டத்தில் வைப்பார். சாப்பாடு, தூக்கம் எதுவும் கிடையாது. தலைவலி என்ற பேச்சே இல்லை என்று எதிர்வீட்டு அம்மாள் பொறாமைப்பட்டாள். அண்ணி துணி வெட்டும்போது அவர் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். மத்தியானங்களில் அவள் தன் கையை அவர் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "அவருக்கு இருபத்தெட்டு, எனக்கு அம்பத்தொண்ணு. கண்ணு வந்து என்னைப் பாத்தா என்ன சொல்வாரோ" என்று ஒருமுறை அவளே வாய்விட்டுச் சொன்னாள். தம்பி மட்டும் அந்தக் கைகளுக்கு எட்டாத தூரத்திலேயே நடமாடினான். அவன் உள்ளே வரும்போதெல்லாம் கைகள் இரண்டும் அவன் பக்கம் நீண்டு, காற்றில் தடவும். அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவான். எட்டு மாதமும் ஒரு விரல்கூட அவன்மேல் படவில்லை.

குளிர் தொடங்கியபோது அண்ணி போர்வை எடுக்கப் பரணில் ஏறினாள். இறங்கும்போது கையில் ஹெட்லைட் இருந்தது. அதைக் கொண்டுவந்து அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்ன?"

அவன் மென்று முழுங்கினான். கிளாஸ் சரியில்லை என்றான், ஒயரிங் வேறு என்றான். அவள் நகரவில்லை. கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பிரேக், நட்டு, பின், சட்டைப் பை, சாக்கடை. அண்ணி அசையாமல் கேட்டாள்.

"இருபத்தேழு வருஷம் என் கையால சாப்பிட்டிருக்கே."

"பயம் அண்ணி."

"எனக்கு மட்டும் பயம் இல்லையாடா? ஒவ்வொரு நாளும் நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? காலையில அவர்கூடச் சண்டை போட்டு அனுப்பினேன், அந்தக் கோபத்துலதான் வேகமாப் போயிட்டாருன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேனேடா, பாவி!"

அவள் அழவில்லை. மூன்று நாள் மெஷின் ஓடவில்லை. தட்டில் சோறு விழுந்தது, பேச்சு விழவில்லை. நாலாம் நாள் காலை ஹெட்லைட்டை எடுத்துவந்து அவன் மடியில் வைத்து, "மாட்டு. என்ன சொல்றாரோ, அவர் வாயாலயே கேக்கணும்" என்றாள்.

மாட்டினான். திருப்புளி மூன்று தடவை வழுக்கியது. முதலில் கழுத்து வந்தது, பிறகு தாடை, பிறகு வாய். கண் வருவதற்கு முன்னாலேயே வாய் திறந்து திறந்து மூடியது. தம்பி வண்டியைப் பிடித்தபடி மண்டிபோட்டுக் கிடந்தான். மூக்கும் காதும் வந்தன. கடைசியில் கண் வந்து, இரண்டு முறை சிமிட்டி, முதலில் தன் கைக்குள் இருந்த அண்ணியின் கையையும், பிறகு அவள் தலையையும் பார்த்தது.

"என்ன, முடியெல்லாம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றார் அண்ணன், மழை பெய்ததா என்று கேட்பதுபோல. கை ஏற்கெனவே அவளை அறிந்திருந்ததால் அவருக்கு அதில் குழப்பம் ஒன்றுமில்லை. பிறகு தரையில் கிடந்தவனைப் பார்த்தார். அந்த நரைத்த ஆளை அவருக்குத் தெரியவில்லை.

"நீங்கதான் மெக்கானிக்கா? நல்லாப் பண்ணியிருக்கீங்க. எங்க என் தம்பியைக் காணோம்? பத்தொம்போது வயசு, ஒல்லியா இருப்பான். பிரேக்கை அவன்தான் பூட்டினான். பின்னை விட்டுட்டான் போலிருக்கு, வண்டி என்னைத் தூக்கியெறியும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "ரொம்பப் பயந்த புள்ளைங்க அவன். எங்கயாவது ஒளிஞ்சு உக்காந்து அழுதுட்டிருப்பான். யாராவது போய் அவனைக் கூட்டிட்டு வாங்களேன். அண்ணன் ஒண்ணும் திட்டமாட்டேன்னு சொல்லுங்க."

"அண்ணே, நான்தான்" என்றான் தம்பி. "நான்தாண்ணே."

அண்ணன் அவன் தோளை மரியாதையாகத் தட்டிக்கொடுத்தார். "வயசுல பெரியவரு, இந்த நேரத்துல வெளையாடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஒரே உதையில் கிளப்பினார். அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு கொழுந்தனிடம், நாலு நாளில் இரண்டாவது முறையாக, வாய் திறந்தாள். "போ. அவர்கூடப் போய்த் தேடு."

அதிலிருந்து தினமும் சாயந்திரம் நாலரை மணிக்கு வண்டி கிளம்புகிறது. அண்ணன் ஓட்டுவார், தம்பி பின்னால் உட்காருவான். பஸ் ஸ்டாண்ட், ரயிலடி, ஆஸ்பத்திரி, குளத்தங்கரை என்று ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, பத்தொன்பது வயதில் ஒல்லியாக, பயந்தமாதிரி ஒரு பையன் வந்தானா என்று அண்ணன் விசாரிப்பார். கடைக்காரர்கள் பின்சீட்டு ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் வரலையேங்க" என்று பதமாகச் சொல்வார்கள். பெட்ரோல் பங்கில் இவர்களுக்கு வரிசை கிடையாது. அண்ணி தம்பியோடு இப்போது தேவைக்குப் பேசுகிறாள். ஆரம்பத்தில் அவன் போகிற வழியெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, அண்ணனின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போனான். இப்போதெல்லாம் அவனும் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் போகிறான்.