பிணைக்கு உட்கார்ந்தவர்

ஜெயவேலுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவனைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மூங்கில் பிடிப்பது. இருபத்து நான்கு அடி மூங்கிலின் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டி, அதைக் குட்டி யானை வண்டியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஜெயக்கொடி டிரான்ஸ்போர்ட்டின் பெரிய லோடுகள் போகவிருக்கும் சாலைகளில் முன்கூட்டியே போய் வருவான். மூங்கில் எதில் இடிக்கிறதோ அதை நோட்டில் எழுதிக்கொள்வான். கேட்கக் கேலியாகத்தான் இருக்கும். ஆனால் அவன் எழுதாமல் விட்ட வயர் ஒன்றே ஒன்று இருந்தாலும் நூற்று அறுபது சக்கர டிரெய்லர் நடு ரோட்டில் நின்றுவிடும். பதினேழு வருஷத்தில் ஒரு முறையும் அப்படி நின்றதில்லை. அந்தக் கர்வம் அவன் நடையிலேயே தெரியும்.

இந்தத் தடவை லோடு சாதாரணமானதல்ல. நாடு அணு மின்சாரத்தைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கப் போகிறதாம். 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட். அதற்காக ஒரே அச்சில் வார்த்ததுபோல் அணு உலைகள் வரிசையாக வரப்போகின்றன. அவற்றுக்கு நீராவி உண்டாக்கும் ராட்சச உருளைகளை மணலிப் பக்கம் ஒரு பட்டறையில் செய்துகொண்டிருந்தார்கள். முதல் உருளை தயாராகிவிட்டது. அதைச் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையைத் தாண்டி, திருவொற்றியூர் வழியாகக் கொண்டுபோய் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேற்ற வேண்டும். டிரெய்லரோடு சேர்த்து உயரம் இருபத்து மூன்று அடி. ஜெயவேல் அந்த வழியை ஆறு முறை அளந்தான். நூற்றுப் பன்னிரண்டு வயர், மூன்று அலங்கார வளைவு, ஒரு தூங்குமூஞ்சி மரக்கிளை, ஒன்பது கட்சிக் கொடிக்கம்பம் என்று பட்டியல் கொடுத்தான். அணு உலைக்கு அனுமதி வாங்கியவர்கள்கூட இவர்கள் அந்த ஒன்பது கம்பங்களுக்குப் பட்ட பாட்டைப் பட்டிருக்க மாட்டார்கள். வயர்களுக்கு மட்டும் சிக்கலில்லை. எதை எப்போது அவிழ்த்து எப்போது திரும்பக் கட்டுவது என்று மின்சார அலுவலகத்தில் வரிசையாக உத்தரவு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கேதான் ஜெயவேல் தன் தொழிலில் வேறு எவனும் செய்ய முடியாத தப்பைச் செய்தான்.

பட்டியல் கொடுத்த மறு வாரம் அவன் அக்கா பூவம்மாவுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கிடைத்தது. பதினோரு வருஷ அலைச்சல் அது. வியாசர்பாடியில் பிறந்து சாத்தாங்காட்டு ரோட்டோரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கேயே இருக்கிறாள். வீடு புறம்போக்கில் இருந்தது. கரண்ட் ஆபீஸில் பட்டா கேட்டார்கள். பட்டா ஆபீஸில் கரண்ட் பில் கேட்டார்கள். அதுவரை பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் ஒற்றைப் பல்பு. அந்த வீட்டுக்காரர் படுக்கப் போகும்போது மெயினை அணைத்தால் இவள் வீடும் இருண்டுவிடும். கடைசியில் எதிர்ச்சாரிக் கம்பத்திலிருந்து ரோட்டைத் தாண்டி வயர் வந்தபோது ஏணியைப் பிடித்தவன் ஜெயவேல். வயர்மேன் செங்குட்டுவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். மற்ற வயர்களைப் பார்த்தால் அவனுக்கு அடிக்கணக்குத் தோன்றும். இதைப் பார்த்தபோது அக்கா வீட்டு வெளிச்சம்தான் தோன்றியது. அது பத்தொன்பது அடி உயரத்தில், தான் அளந்து கொடுத்த அதே ரோட்டைக் கடக்கிறது என்பது அவன் மண்டையில் ஏறவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உருளை கிளம்பியது. தேர் வருவதுபோல ஜனம் இரண்டு பக்கமும் நின்றது. தேருக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அணு டேங்க் போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அணு மின் திட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பெனிட்டோ முன்னால் நடந்துகொண்டே, உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் இரும்பு என்று ஒவ்வொரு கும்பலுக்கும் விளக்கினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். கை நிறையத் துண்டுப் பிரசுரம். அதில் இருபத்து நான்கு மணி நேரமும் விளக்கு எரியும் ஒரு வீடும், அதன் வாசலில் சிரிக்கிற ஒரு குடும்பமும் இருந்தன.

பத்தேகாலுக்கு டிரெய்லர் நின்றது. அளவெல்லாம் முடிந்த தைரியத்தில் மூங்கிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்த ஜெயவேல் திரும்பிப் பார்த்தான். உருளையின் மார்புக்கு நேராகப் புத்தம்புது வயர் ஒன்று பளபளவென்று குறுக்கே நின்றது. அது அக்கா வீட்டுக்குப் போவதைப் பார்த்ததும் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினான்.

மூங்கிலால் தூக்கிவிடலாமா என்று பார்த்தான். ஓரடி, ஒன்றரை அடி என்றால் தூக்கலாம். நாலடிக்கு வழியில்லை. முதலாளி ஜெயக்கொடி காரிலிருந்து இறங்கி வந்தார். திருச்செந்தூரிலிருந்து ஒரு லாரியோடு வந்து நாற்பது லாரி சேர்த்த மனிதர். வயரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், ஜெயவேலைப் பார்த்தார். மூன்று மணிக்குக் கப்பல்.

“எலே, ஊரு வயரெல்லாம் ஒன் மூங்கிலுக்குத் தெரியுது. ஒங்க அக்கா வீட்டு வயரு மட்டும் தெரியாதோ?” என்றார்.

செங்குட்டுவன் வெட்டும் கருவியை எடுத்துவிட்டான். ஒரு நிமிஷ வேலை. அப்போதுதான் பூவம்மா வெளியே வந்தாள். கையெல்லாம் உளுந்துத் தோல். கனெக்‌ஷன் வந்த மூன்றாம் நாளே பெரிய கிரைண்டர் வாங்கிப்போட்டு மாவு விற்க ஆரம்பித்திருந்தாள். விடியற்காலையில் பன்னிரண்டு கிலோ அரிசி ஊறப்போட்டாயிற்று. சாயங்காலம் நாற்பது வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். அதற்குள் அரைக்காவிட்டால் அரிசியைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதுதான், வாடிக்கையும் அதோடு போகும்.

அவள் கத்தவில்லை. வெட்டிக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்குத் திரும்ப ஒட்டுவீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

செங்குட்டுவனால் தின்ற பிரியாணியை மறக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டான். “யக்கா, உன் வயரு லிஸ்ட்லயே இல்ல. வெட்றதுக்கு ஆர்டர் வாணாம். ஒட்றதுக்குத்தான் வோணும். நாளைக்கு ஆபீஸ்ல மனு குடுக்கணும், அப்பால அவங்க வந்து பாக்கணும்.”

பூவம்மா தம்பி பக்கம் திரும்பினாள். “லிஸ்ட்டு எய்தினது யாரு?”

“நாந்தான்க்கா.”

அதற்கு மேல் அவனை அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது ஜெயவேலுக்கு. நாலு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள். சாயங்காலத்துக்குள் திரும்ப ஒட்டுவோம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் மட்டும் யாரும் முன்வரவில்லை. ஜெயக்கொடி, வயர் தன் பொறுப்பில்லை என்றார். மின்சார அலுவலகத்துப் பொறியாளர் போனிலேயே, ரோட்டில் போகும் லோடு தன் பொறுப்பில்லை என்றார். போலீஸ்காரர் எல்லாருமே நகருங்கள் என்றார். பூவம்மா ஒரு துண்டுப் பிரசுரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு லட்சம் மெகாவாட் என்றால் எவ்வளவு என்று பெனிட்டோவிடம் கேட்டாள். காலையிலிருந்து முதன்முறையாக ஒருவர் நல்ல கேள்வி கேட்டுவிட்டார் என்று அவருக்கு முகம் மலர்ந்தது. எத்தனை கோடி வீடுகள், எத்தனை தொழிற்சாலைகள் என்று விவரமாகச் சொன்னார். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“அதுல ஒரு கிரைண்டரு ஓட்ற அளவுக்கு, இன்னிக்கு சாய்ங்காலத்துக்கு, எனுக்கு எய்திக் குடு சார்.”

பெனிட்டோவின் துறை மின்சாரம் உற்பத்தி செய்வதோடு சரி. விநியோகம் வேறு துறை. அதை அவர் மிக மரியாதையாக விளக்கினார். 2047-ஆம் வருஷத்துக்கு உறுதி தர அவருக்கு அதிகாரம் இருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு உறுதி தர இல்லை.

பூவம்மா உள்ளே போய் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, மீட்டர் பெட்டிக்குக் கீழே போட்டாள். “நீ இங்க வந்து குந்து சார். வயர அவங்க வெட்டிக்கட்டும். திரும்ப ஒட்னதும் நீ எய்ந்து போ.”

ஜெயவேல் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். “யக்கா, அவுரு பெரிய ஆபீசரு.”

“அதாண்டா. சின்ன ஆள குந்த வெச்சி இன்னா ஆவப்போவுது?”

பின்னால் டிரெய்லர் உறுமிக்கொண்டிருந்தது. பெனிட்டோ கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் போனால் அதிகம் என்று அவர் கணக்கு. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். செங்குட்டுவன் வயரை வெட்டினான். உருளை நகர்ந்தது. அதோடு ஜெயக்கொடி, போலீஸ், ஜனம் எல்லாம் நகர்ந்தது. ஜெயவேலும் மூங்கிலோடு முன்னால் ஓட வேண்டியிருந்தது. ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார் பெனிட்டோ.

துறைமுகத்தில் வேலை முடிந்து அவன் ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பியபோது மணி நாலரை. மனுஷன் எப்போதோ கம்பி நீட்டியிருப்பார் என்றுதான் நினைத்து வந்தான். பெனிட்டோ அங்கேயே இருந்தார். தகரக் கூரைக்குக் கீழே சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பிரசுரக் கட்டால் விசிறிக்கொண்டு, போனில் யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தார். மத்தியானம் பூவம்மா வஞ்சிரம் குழம்பு ஊற்றிச் சோறு போட்டிருந்தாள். சாப்பிட்ட வீட்டிலிருந்து நழுவ அவருக்கு மனம் வரவில்லை. அது ஒரு பங்கு. மீதி, வீம்பு. முப்பத்தோரு போன் போட்டிருந்தார். மின்சார அலுவலகத்தில் இன்று ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். புகார் எண்ணில் நுகர்வோர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மனு கொடுக்கச் சொன்னார்கள். தலைமையகத்திலிருந்த மேலதிகாரி முதலில் சிரித்தார், பிறகு எரிந்து விழுந்தார். விநியோகம் நம் துறையில்லையே, உமக்குத் தெரியாதா என்றார். காலையில் தான் பூவம்மாவிடம் சொன்னதை இவ்வளவு மரியாதையில்லாமல் இன்னொருவர் தன்னிடம் சொல்வார் என்று பெனிட்டோ எதிர்பார்க்கவில்லை.

அரிசி நுரைக்கத் தொடங்கியிருந்தது. பூவம்மா அடிக்கடி பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினாள். ஜெயவேல் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிவாக்கில் எதிர்வீட்டு ராமசெல்வி, மாவுக்குப் பாத்திரத்தோடு வந்தவள், நாற்காலியில் இருந்தவரைப் போனில் படம் பிடித்து எங்கேயோ போட்டுவிட்டாள். அது எப்படி எப்படியோ சுற்றி, ஒரு டிவியில் ‘அணு அதிகாரி சிறைபிடிப்பு’ என்று சிவப்பு எழுத்தில் ஓட ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் மூன்று ஜீப். இன்ஸ்பெக்டர், தாசில்தார், காலையில் போனில் பொறுப்பில்லை என்ற அதே பொறியாளர், அவர்களோடு இன்னும் எட்டுப் பேர். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்த இன்ஸ்பெக்டரிடம் பெனிட்டோ, என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை, டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், வயர் சேர்ந்ததும் வந்துவிடுகிறேன் என்றார். குரலில் ஒரு பிடிவாதம் இருந்தது. இன்ஸ்பெக்டர் தாசில்தாரைப் பார்த்தார். தாசில்தார் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, நின்றபடியே உத்தரவு எழுதினார். மனு, நேரில் பார்வை எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. போன் போட்டு வரவழைத்த செங்குட்டுவன் ஏணியில் ஏறினான். பதினோரு பேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பல்பு எரிந்தது. பூவம்மா அரிசியை அள்ளிப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். கிரைண்டர் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அரிசி தப்பித்தது. ஜெயவேலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசலில் பாத்திரங்களோடு நின்ற கும்பல் அவனைச் சூழ்ந்துகொண்டு, இந்த டேங்க் இன்னும் எத்தனை வரும் என்று விசாரித்தது. ஒன்பது வரும் என்றான். ஒவ்வொன்றோடும் ஒரு அதிகாரி வருவாரா என்று ராமசெல்வி கேட்டாள். அவள் கனெக்‌ஷன் மனு நாலு வருஷமாகக் கிடக்கிறது. காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

ஜீப்புகள் போய்விட்டன. பெனிட்டோ எழுந்து, கசங்கிய சட்டையை நீவி விட்டுக்கொண்டு, “அப்போ நான் வரேம்மா” என்றார். ஒரு நன்றி வரும் என்று அவர் முகத்தில் எதிர்பார்ப்பு இருந்தது. அது நியாயமும்கூட.

பூவம்மா மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். “கரண்ட்டு என் வூட்டுக்கு வர்ல சார். நீ குந்திகினு கீற வூட்டுக்கு வந்துச்சு. நீ எய்ந்து போயிட்டா, அதுக்கு இன்னா தெரியும் எந்த வூடுன்னு?”

அக்கா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து ஜெயவேல் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

பெனிட்டோ வாசலில் கிடந்த ஷூக்களைப் பார்த்தார். பிறகு கிரைண்டரைப் பார்த்தார்.

“இன்னும் எவ்வளவு அரிசி இருக்கும்மா?”

“இன்னும் ரெண்டு தபா போடணும்.”

அவர் திரும்பி வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.