ஏற்றாமல் விட்ட மாட்யூல்

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. ஊரின் மறுகோடியில் இருந்த அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, தீவிர சிகிச்சைப் பிரிவின் சர்வருக்குள் நுழைந்திருந்தாள். அங்கே பகல் பணியில் இருந்த நர்ஸ் அவளுடைய சொந்த அக்கா.

வேலை என்னவோ சின்னதுதான். இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் இருந்துகொண்டு நெட்வொர்க் கார்டை ஓட்டும் மாட்யூல் என்ற குட்டி நிரல் அடிக்கடி திணறியது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். சர்வரை நிறுத்தக்கூடத் தேவையில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவதாக அக்காவிடம் ஜம்பமாகச் சொல்லியிருந்தாள்.

கழற்றும் கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினாள். திரை அப்படியே உறைந்து நின்றது.

அந்தச் சர்வரோடு அவள் பேசிக்கொண்டிருந்ததே அந்தக் கார்டு வழியாகத்தான்; இனி ஏற்றும் கட்டளை அங்கே போய்ச் சேராது. கழற்றுவதையும் ஏற்றுவதையும் ஒரே வரியில் அனுப்பியிருந்தால் சர்வர் தானாகவே இரண்டையும் செய்திருக்கும். தன் மேஜைக் கணினியில் ஒத்திகை பார்த்தபோது தனித்தனியாகத் தட்டியே பழகிவிட்டாள், புத்திசாலி. பக்கத்தில் இருக்கும் கணினி எப்படித் தட்டினாலும் கேட்கும்.

அறைகளில் இருக்கும் மானிட்டர்கள் அக்காவின் மேஜைத் திரைக்கு வருவதும் அதே சர்வர் வழியாகத்தான். இனி அந்தத் திரையில் எந்த நோயாளியின் நாடித்துடிப்பும் ஓடாது. மூடிய அறைக்குள் அலாரம் அடித்தால் மேஜைவரை கேட்காது.

போன் செய்து உள்ளதைச் சொன்னாள். அக்கா திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கூட இருந்த நர்ஸை அறை அறையாக அனுப்பிவிட்டு, மேஜைக்குப் பின்னால் இருந்த சர்வர் அலமாரியைத் திறந்தாள். தங்கை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, அதிலிருந்த கீபோர்டில் தட்டினாள். கட்டளை தவறு என்று வந்தது.

"மெதுவா சொல்லுடி. நீ ஓடினா என்னால பிடிக்க முடியாது."

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஏறிவிட்டது. திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அக்கா, பாதியில் நிறுத்தினாள். போன் மேஜையில் விழும் சத்தம். ஓடும் காலடிகள். யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள்; இங்கே அவளால் செய்ய ஒன்றுமில்லை.

வெகுநேரம் கழித்து அக்கா போனுக்கு வந்தாள்.

"கடைசி ரூம் பெரியவர். மூச்சு இறங்கிட்டே இருந்திருக்கு, அந்த ரூம்வரை இன்னும் யாரும் போய்ச் சேராததால எங்களுக்குத் தெரியல. இப்ப பரவாயில்ல."

தங்கை அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். அழுகை அடங்கியதும் அக்கா சொன்னாள்.

"நடந்ததை நான் மேல எழுதிக் கொடுத்தாகணும்டி. உன் பேரையும் எழுதுவேன்."

"எழுதுக்கா."