வலது கை

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மனைவியின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார் தையற்கடைக்காரர். அப்போது அறையில் இருந்தவர்கள் அவர், அவருடைய மூத்த மகள், மனைவியின் தங்கை, சபைப் போதகர். கதவுக்கு வெளியே மாடிப்படியில் சின்ன மகன். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

சின்னவன் அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. பள்ளிச் சீருடை மூட்டைகளை ஏற்றிப்போன வேனை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் கண்ணயர்ந்துவிட்டான். பக்கத்தில் அம்மா. வேன் பாலத்துச் சுவரில் மோதியது. அன்றே அவளுக்குப் பேச்சு போனது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கடைக்கு வரும் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்கெல்லாம் காஜா எடுத்த கை அது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அவளுடைய இடது கை விரல்கள் மட்டும் போர்வையின் மேல் கதவுப் பக்கமாக ஊர்ந்தபடி இருந்தன.

"அம்மா தண்ணி கேக்கறாங்களோ?" என்றாள் மகள்.

"தண்ணிக்கு யாராவது கதவைக் காட்டுவாங்களா?" என்றாள் தங்கை. "அத்தான், உங்க வீம்பைக் கொஞ்சம் மடிச்சு அலமாரியில வைங்க. நாளைக்கு எடுத்துப் போட்டுக்கலாம். கசங்கிடாது."

அவர் பஞ்சைப் பிழிந்தார்.

"அப்பா, அவன் காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல."

"குடிக்கக் கூடாதுன்னு நானா சொன்னேன்?"

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம புத்திக்கு எட்டாத காரியம் ஐயா. ஆண்டவரை நம்புங்க."

"நம்பாம எங்க போறது பாஸ்டர்? வேற கடையா தொறந்திருக்கு?" என்றார் அவர். பிறகு குரல் இறங்கிற்று. "அவரும்தானே அந்த வண்டியில இருந்தாரு. அவரும் தூங்கிட்டாரா?"

 போதகர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்து சொல்லும் கர்த்தருடைய ஜெபம். விபத்துக்குப் பிறகு, அதில் பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கும் வரி வந்தால் தையற்கடைக்காரர் வாயை மூடிக்கொள்வார். மற்றவர்கள் அதைக் கடந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார். ஆலயத்திலும் அப்படித்தான். சொல்லிப் பொய்யனாவதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்தார். இப்போதும் அந்த வரி வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

வரி கடந்து அவர் வாய் திறந்தபோது, ஊர்ந்துகொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டிருந்தன.

நனையாத பஞ்சில் ஒரு இழையைப் பிய்த்து அவள் மூக்கருகே பிடித்தார். அசையவில்லை. மற்ற மூவரும் கண் மூடியிருந்தார்கள். அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

சின்னவன் சுவரோடு ஒட்டி நின்றான். "அப்பா..."

"உள்ள வாடா. அம்மா கூப்பிடறா."

வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். அவன் அதை அப்படியே நம்பினான். ஓடிவந்து கட்டிலருகே மண்டியிட்டுப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்தான். அவர் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கைக்கு எட்டியது வலது கை. அதைத் தூக்கி அவன் தலைமேல் வைத்தார். வெதுவெதுப்பு இருந்தது. நினைத்ததைவிடக் கனம். வழுக்கிவிடாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவன் தோள்கள் குலுங்கி ஓயும்வரை விடவில்லை.

ஜெபம் முடிந்திருந்தது. "ஸ்தோத்திரம்," என்றார் போதகர், அவன் தலைமேல் இருந்த கையைப் பார்த்து. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையை எடுத்து மார்பின்மேல் மடித்து வைத்த பிறகுதான், "போயிட்டா," என்றார்.

அடக்கத்துக்கு எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்தார்கள். சின்னவன் மட்டும் தலை வாராமல் வந்திருந்தான். சித்தி சீப்பை நீட்டியபோது தலையை விலக்கிக்கொண்டான். குழியருகே மறுபடி அந்த ஜெபம். மறுபடி அந்த வரி. தந்தையின் உதடுகள் மூடியே இருந்தன.

விழுந்துபோன வலது கை கடைசி நேரத்தில் தானாக எழுந்து மகனை ஆசீர்வதித்தது என்று சபையில் இன்றும் சாட்சி சொல்கிறார்கள். நடக்காத அற்புதம் இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம். கை எழவில்லை. அவர்தான் தூக்கி வைத்தார். அப்போது அவள் இல்லை.