அச்சேறாப் பெட்டிகள்

ஆற்றின் வளைவில் ஆவி உமிழ்ந்து நின்ற அட்டைப்பெட்டி ஆலையையும், அதன் மதிலோரம் வரிசையாய் அமைந்த தொழிலாளர் இல்லங்களையும், அவற்றுக்கப்பால் சிறார் குரலால் கலகலத்த பள்ளியையும் ஏறுவெயில் ஒருசேரத் தழுவிக்கொண்டிருந்தது. உணவுப் பெட்டிகளை நாடெங்கும் அனுப்பிச் செழித்த அவ்வாலை, ஊருக்கு ஈவதிலும் பின்வாங்கியதில்லை. பள்ளிக்குக் கூரையும் நூலகமும் அமைத்ததோடு, பிள்ளைகள் பகலுணவு உண்ணும் பெட்டிகளையும் விலையின்றி வழங்கிவந்தது. அன்பார்ந்த நண்பரே, அக்கொடையில் குற்றங்காண நாம் யார்? ஆயினும் கேளும், கேட்டு நெஞ்சம் பதறும்.

மேலே பெயரோ படமோ அச்சேறாத பெட்டி எதுவாயினும் அது பள்ளிக்கே உரியது என்பது அவ்வாலையின் வழக்கம். விற்கவியலாததை வீணாக்குவானேன் என்று என்றோ எவரோ தொடங்கிவைக்க, கேட்பாரும் சொல்வாருமின்றி அது தானே நடந்துவந்தது.

ஆலையின் ஆய்வுக்கூடத் தலைவியோ, பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரோடு கைகோத்து, வைக்கோற் கூழால் பெட்டி வனைந்து, எண்ணெய் ஊறாவண்ணம் அதன்மீது புதியதொரு பூச்சும் ஏற்றியிருந்தாள். சூடான உணவு பட்டால் அப்பூச்சிலிருந்து என்ன கசியும், அது நஞ்சாகுமா என்று பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். விடை இன்னும் வந்தபாடில்லை. மை கலந்தால் ஆய்வு குழம்புமென்று, அவற்றில் எதையும் அச்சிடலாகாதென அவளே கண்டிப்பாய்ச் சொல்லிவைத்திருந்தாள். வழக்கத்தை அறியாதவளல்லள், அந்நேரத்தில் அது நினைவில் எழவில்லை, அவ்வளவுதான்.

அன்று நண்பகல் கடந்து கிடங்கினுள் நுழைந்தவள், வெறிச்சோடிக் கிடந்த மூலையைக் கண்டு திகைத்தாள்.

"அண்ணே, இங்க அடுக்கியிருந்த பெட்டியெல்லாம் எங்க?"

"அச்சு இல்லாததுதானேம்மா? காலையிலேயே பள்ளிக்கு அனுப்பியாச்சு," என்றார் கிடங்குக்காரர் முகமலர்ந்து. "இன்னைக்கு நிறைய வந்திருக்கேன்னு சமையலம்மாவுக்கு ஒரே சந்தோஷம்!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மகளும் அப்பள்ளியிலன்றோ பயில்கிறாள்! தொலைபேசியை எடுப்பாரில்லை. செருப்பு நழுவியதையும் உணராமல் ஓடினாள். ஐயகோ, அவள் சென்றுசேர்ந்தபோது கூடமெங்கும் காலிப் பெட்டிகளே குவிந்துகிடந்தன. விரலைச் சப்பியவாறே மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மா, இன்னைக்குப் பெட்டி ஒழுகவே இல்லம்மா! நான் வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டேன்."

தாய் அவ்விரலைத் தன் முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். தலைமையாசிரியையிடம் மட்டும் நடந்ததைக் குழறிச் சொல்ல, அவர் உடனே மருத்துவரை அழைப்பித்தார். எந்தப் பிள்ளை இருமினாலும், எது வயிற்றைத் தடவினாலும் அவள் உயிர் போய்ப்போய் வந்தது. பொழுது சாயும் வேளையில் பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். அவள் சொன்ன செய்தி கேட்டதுமே மற்றெல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு ஆய்வை முடித்திருந்தார். தீங்கான எதுவும் கசியவில்லை என்றார். அவள் சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள்.

அதற்குள் பள்ளிக்கு வந்திருந்த ஆலை முதலாளி, செய்தி கேட்டுக் கைதட்டி மகிழ்ந்தார்.

"அட, நல்லதாப் போச்சு! இத்தனை பிள்ளைங்க சாப்பிட்டும் ஒண்ணும் ஆகலைன்னு ஆய்வறிக்கையிலயும் சேர்த்துடும்மா. இப்படியொரு சோதனையை நாம காசு கொடுத்தாலும் செய்ய முடியுமா?"

நண்பகலில் உற்ற அதிர்ச்சி இதன்முன் ஒன்றுமில்லாமற் போயிற்று. பேயறைந்தாற்போல் அவரையே நோக்கினாள். அவர் கொடியவரல்லர், அப்பள்ளிக்குத் தம் கைப்பொருளை உவந்து ஈந்தவர். அதனாலேயே அவளுக்கு அச்சம் மிகுந்தது.

"சோதனை பண்ணலாமான்னு இவங்கள்ல யாரைக் கேட்டோம் ஐயா? அந்த அறிக்கையில என் கையெழுத்து இருக்காது," என்றவள், விடைக்கு நில்லாமல் வாயிலை நோக்கி நடந்தாள்.

பிள்ளைகளை அழைத்துச்செல்ல வந்திருந்த தாய்மார், "உங்க ஆலை இல்லைன்னா எங்க பிள்ளைங்க கதி என்னம்மா!" என்று வாயார வாழ்த்தினர். அவள் நடந்ததை ஒன்றும் மறைக்காது சொன்னாள்; பிழை தன்னதென்றும் சொன்னாள். வசவுக்கும் அடிக்கும் ஆயத்தமாய் நின்றாள். முன்னால் நின்ற தாயோ, அவள் கையருகே நின்ற தன் பிள்ளையை மெல்ல இழுத்துத் தன் பின்னே நிறுத்திக்கொண்டாள்; அதைக் கண்டு மற்றவர்களும் அவ்வாறே செய்தனர். கொடை எத்துணைப் பெரிதாயினும், பெறுவோரின் உயிரைத் தன் உடைமையென எண்ணும் உரிமையை அது எவர்க்கும் தருவதில்லை.