பசை இறுகும்வரை

“இப்ப போடு,” என்றார் ரெய்னோ. எல்மா குச்சியால் எபாக்ஸிப் பசையை வழித்து, துப்பாக்கியின் மரக்கட்டையில் அவர் குடைந்திருந்த பள்ளத்தில் இட்டாள்.

நவம்பர் குளிரில் கொட்டகையில் பசை இறுகாது என்பதால் வேலை சமையலறை மேசைக்கு வந்திருந்தது. அவள் கணவர் ரெய்னோவின் கட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரி போதும் என்று வீட்டுக்கு வந்தவர், சும்மா படுத்திருந்தால்தானே!

துப்பாக்கி எல்மாவுடையது. மழை நாளில் கட்டை உப்பி, குழலோடு சேர்ந்த இரும்பை நெருக்கும், குண்டு இடப்பக்கம் விலகிப் போகும். நடுவே பசையால் ஒரு படுக்கை போட்டுவிட்டால் இரும்பு அசையாது. டெட்ராய்ட்டில் இருக்கும் மகன் துப்பாக்கியை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு வரச் சொல்லிக்கொண்டிருந்தான். எல்மா போவதாக இல்லை. அவள் சுட்டு, அவளே அறுத்து அடுக்கிய மான்கறியில்தான் அந்த வீடு குளிர்காலங்களைத் தாண்டியது. ரெய்னோவுக்குப் பழுது பார்க்கத்தான் வரும். காட்டுக்குப் போனால் பேசியே மானை விரட்டிவிடுவார். தான் போனபிறகும் அவள் குறி தப்பக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை.

இரும்பைத் தூக்கி உள்ளே இறக்கப் போனவள் நின்றாள். பசை ஒட்டாமலிருக்க இரும்பு முழுக்க ஷூ பாலிஷ் தடவ வேண்டும். ஓரிடம் விட்டுப்போனாலும் இரும்பும் கட்டையும் ஒன்றாகிவிடும், துப்பாக்கி வீண். அடுத்த வீட்டு வில்ஹோ அப்படித்தான் ஒன்றைப் பாழாக்கினார். அதைச் சொல்லிச் சொல்லியே ரெய்னோ அவர் மானத்தை வாங்கியிருக்கிறார். காலையில் மருந்து குடித்த கையோடு நானேதான் தடவுவேன் என்று பிடிவாதம் பிடித்து, முடித்துவிட்டதாகவும் சொன்னார். குழலில் இரண்டு பூச்சு இருந்தது. சுடும்போது உதையைத் தாங்கும் அடிப்பல்லில் ஒன்றுமே இல்லை.

பசை கெட்டியாகத் தொடங்கியிருந்தது.

“வாசல்ல ஏதோ வண்டி வந்த மாதிரி இருக்கு. யாருன்னு பாருங்க,” என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் விரலைப் பாலிஷ் டப்பாவில் விட்டு அவசரமாகத் தடவினாள்.

“ரொம்ப அப்பாத,” என்றார் ரெய்னோ, ஜன்னலைப் பார்த்தபடியே. “அப்பினா இரும்பு ஆடும்.”

எல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முடிந்த அளவு சிரித்தார்.

“வில்ஹோகிட்ட சொல்லிடாத.”

“அவர்கிட்டதான் முதல்ல சொல்லப்போறேன்.”

இரும்பை இறக்கி அழுத்தி, சுற்றிலும் டேப்பை இறுக்கினாள். நாளை வரைக்கும் அதை யாரும் அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடினார். பிதுங்கி வந்த பசையை அவள் வினிகர் துணியால் துடைத்தாள். இந்தப் பக்கம் போதுமா என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தபோது போர்வை ஏறி இறங்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். பிறகு, மறுபக்கத்தில் பசை வழிந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. விட்டால் கல்லாகிவிடும். எழுந்துபோய்த் துடைத்து முடித்தாள். அதற்கப்புறம்தான் போன் செய்தாள்.

சவ அடக்க நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் திரும்ப இடமில்லை. மேசையை ஓரமாகத் தள்ளலாம் என்று இளையவன் கை வைத்தான்.

“வேண்டாம்ப்பா,” என்றாள் எல்மா. “அது இன்னும் இறுகல.”

மூத்தவர் டேப் சுற்றிய துப்பாக்கியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார். எப்போது போட்டது என்று கேட்டார்.

“இப்பத்தான். மத்தியானம்.”

அவர் இளையவனிடம் ஸ்ட்ரெச்சரை வாசலிலேயே விடச் சொன்னார். ரெய்னோவைப் போர்வையோடு தூக்கி, இருவரும் வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரை ஒட்டியே பக்கவாட்டில் நடந்தார்கள். மேசைமேல் யாருடைய சட்டையும் உரசவில்லை. எல்மா அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கதவ மட்டும் மெதுவா சாத்துங்க,” என்றாள்.

மெதுவாகவே சாத்தினார்கள்.