மூலையில் ஒரு கோடு

மூன்றாவது பிரிண்ட்டும் சொதப்பிவிட்டது. காகிதத்தில் பிளாட்டினம் மருந்தைக் கையால் பூசி எடுக்கும் புகைப்படப் பிரிண்ட் அது; படம் காகிதத்துக்குள்ளேயே ஊறி நிற்கும். காகிதம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் நுணுக்கமெல்லாம் போச்சு. படத்தில் இருப்பதோ மெல்லிய நூல் பின்னல். அதற்காகவே கடை கடையாக அலைந்து, ஒரு பக்கம் வழுவழுப்பான காகிதமாகத் தேடிப் பிடித்திருந்தாள். இருந்தும் நூலெல்லாம் நனைந்த பஞ்சுபோல் மொத்தையாகக் கிடந்தது. மருந்தைத் திட்டினாள், தண்ணீரைத் திட்டினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பேப்பர் எல்லாத்துலயும் மூலையில யாரோ பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தாங்க. நான்தான் உக்காந்து சுத்தமா அழிச்சு வச்சேன்."

அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. "அது சொரசொரப்புப் பக்கம்னு நான் போட்ட அடையாளங்க. தாளை வெட்டுறதுக்கு முன்னாடி, ஓரத்துல இருந்த கம்பெனி நீர்முத்திரை எந்தப் பக்கம் நேரா தெரியுதுன்னு பாத்துப் போட்டது; வெட்டினதுல அந்த ஓரமும் போச்சு. கோடில்லாத பக்கம்னு நம்பித்தான் மருந்து பூசினேன்."

அவர் பதறிப்போய் மிச்சத் தாள்களை விளக்கடியில் புரட்டியும் தடவியும் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே தெரியுது?"

"எனக்கும் அப்படித்தாங்க தெரியுது. அதனாலதானே கோடு போட்டேன்."