கண்ணாடிப் பெட்டிக்குள் தையலக்காவின் உயில்

எங்கள் தெரு முனையில் இருக்கும் பழைய மாவட்ட நீதிமன்றத்தை இடிப்பதா, வைப்பதா என்று ஒன்பது வருஷம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் வழக்குகளை ஊர்க்கோடியில் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு, பழையதை அருங்காட்சியகமாக்கினார்கள். புதன்கிழமை திறப்பு விழா. எனக்கு அழைப்பு கிடையாது; கதவு திறந்திருந்தது, அது போதாதா?

உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி. 'முன்னோர் காலத்து வழக்குக் கட்டு' என்று சீட்டு. கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் தனியாக ஒரு தாள், முத்து முத்தான கையெழுத்து. குனிந்து படித்தேன். அது பக்கத்து வீட்டுத் தையலக்காவுக்கு அவள் அம்மா வீட்டை எழுதிவைத்த உயில்.

குடியிருக்கும் வீடு தனக்குத்தான் என்று பெரியப்பா மகன் போட்ட வழக்கில் பதினோரு வருஷமாக அலைகிறாள் அக்கா. உயில் பதிவாகாதது, அசல்தான் செல்லும். கோர்ட்டை இடம் மாற்றும்போது வழக்குக் கட்டே தொலைந்துவிட்டது என்று குமாஸ்தா கையை விரித்துவிட்டார். வியாழக்கிழமை கடைசி வாய்தா. அசல் வராவிட்டால் வீடு போச்சு.

ஓடிப்போய்ச் சொன்னேன். ஊசியைக்கூடக் கீழே வைக்காமல் வந்தாள்.

"சார், இது என் கேசு. நாளைக்கு வாய்தா."

அருங்காட்சியகக் காப்பாளர் வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "சீட்டைப் படிங்கம்மா. முன்னோர் காலத்தது."

"நானா முன்னோர்? இவங்கள கேளுங்க, நேத்துகூட சட்டைக்குப் பட்டன் வெச்சுக் கொடுத்தேன்."

"ஆமா சார், ஒண்ணு மட்டும் கோணல்," என்றேன்.

"எடுக்கணும்னா குழு கூடணும். அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சு."

அக்கா திரும்பினாள். கயிற்றைத் தாண்டி, காட்சிக்கு வைத்திருந்த சாட்சிக் கூண்டில் ஏறி நின்றுவிட்டாள். விழாவுக்கு வந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

"இறங்குங்கம்மா, நூத்திருபது வருஷத் தேக்கு அது."

"பதினோரு வருஷமா நான் ஏறி இறங்கின கூண்டு. அப்ப யாரும் தேக்குன்னு சொல்லல. ஒழுங்கா நில்லுன்னுதான் அதட்டினாங்க. இப்ப நிக்கிறேன், பெட்டியத் திறங்க."

மாலைவரை நின்றாள். மானம் போகிறதே என்று காப்பாளர் பெட்டியைத் திறந்தார். உயில் பலகையோடு ஒட்டியிருந்தது.

"உரிச்சா கிழியும்," என்றார், ஏதோ மழை வரும் என்பதுபோல.

மறுநாள் காலை பலகையோடு அவரையும் புது நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். நீதிபதி பார்த்தார். "சாட்சிகள் கையெழுத்து எங்கே?"

"பின்பக்கம், ஐயா," என்றாள் அக்கா.

நீதிபதி காப்பாளரைச் சாட்சி சொல்ல அழைத்தார். காப்பாளர் ஒட்டுப்பலகைக் கூண்டில் ஏறினார்.

"எதுக்கு ஒட்டினீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"பாதுகாக்கத்தான், ஐயா."

"எதால?"

"தச்சர் வெச்சிருந்த பசைதான்."

பெரியப்பா மகனின் வக்கீல் எழுந்தார். "பாரம்பரியப் பொருளை உரிப்பது முறையில்லை." நேற்றுவரை அந்தக் கட்டு எங்கே என்று கவலைப்படாதவருக்குத் திடீரென்று பாரம்பரியத்தின்மேல் பாசம். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கோர்ட் கலைவதற்குள் உரித்துக் காட்ட உத்தரவிட்டார்.

காப்பாளர் ஈரத்துணியும் மெல்லிய தகடுமாக மேஜையில் குனிந்தார். அக்கா அவர் தோளுக்கு மேலே நின்றாள். மூன்று மணிக்கு ஒரு சாட்சியின் கையெழுத்து வந்தது.

"மீதிய நாளைக்கு..."

"நாளைக்கு நான் எங்க படுக்கணும்னு அந்த மீதிதான் சொல்லும். துடைங்க."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்னொன்றும் வந்தது, வால் மட்டும் பசையில் தங்கிவிட்டது. நீதிபதி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். போதும் என்று அசலைப் பதிவில் சேர்த்தார்.

அக்கா நன்றி சொல்லவில்லை. காலிப் பலகையைக் காப்பாளர் கையில் திணித்தாள்.

"இத வெச்சுப் பாதுகாத்துக்குங்க."